முந்தியது எவர் மணி?

‘வினாடி வினா’ என்னும் தொடரில் காலமும் கேள்வியும் இணைந்து நிற்கின்றன. பழந்தமிழ்க் கால அளவையில் 60 விநாடி கொண்டது ஒரு நாழிகை. ஒரு நாழிகை இக்காலக் கணக்கில் 24 நிமிடம் ஆதலின், அக்கால விநாடி ஒன்று இக்காலத்து 24 நொடிகளுக்கு நிகராகும். இன்றோ, வினாடி என்னும் சொல் ஒரு நொடியையே குறித்து வழங்குகின்றது. கேட்ட மாத்திரத்தில் விடை கூறவேண்டிய போட்டிக்கு இப்பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது. ஆயினும், இப்போட்டியில் வெற்றியையும் தோல்வியையும் பிரிக்கும் எல்லை பெரும்பாலும் ஒரு முழு நொடிகூட அன்று. நொடியின் பத்திலொரு கூறாகவும், அதனினும் சிறிதாகவும் இருத்தல் உண்டு.

பள்ளி மண்டபத்தில் இரண்டு அணிகள் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன. வினா கேட்கப்படுகின்றது. இரு பக்கத்தும் கைகள் உயர்கின்றன. “நாங்களே முதலில் கை உயர்த்தினோம்” என்று ஓரணி கூறுகின்றது. “இல்லை, நாங்களே முந்தினோம்” என்று மற்றோர் அணி மறுக்கின்றது. வினாத் தொடுப்பவரோ, கையிலுள்ள தாளிலிருந்து அப்போதுதான் கண்ணை எடுத்திருக்கிறார். அவர் எந்த அணியை அழைத்தாலும் மற்ற அணிக்கு மனக்குறை எஞ்சும். உண்மையில் முந்திய மாணவன், கூச்சம் மிக்கவனாகவும் உயரம் குறைந்தவனாகவும் மண்டபத்தின் ஓரத்தில் அமர்ந்தவனாகவும் இருந்துவிட்டால், அவன் உழைத்துப் படித்ததன் பயன் அவனுக்குக் கிட்டாமற் போகும். இதில் எவருடைய வஞ்சனையும் இல்லை. ஆயினும் அநீதி நேர்ந்துவிடுகின்றது.

இவ்வநீதி மனிதக் கண்ணின் இயல்பினால் விளைவது. ஒளி ஒன்று தோன்றியதைக் கண்ட ஒருவர், அதற்கு மறுமொழியாகத் தம் விரலை அசைப்பதற்கு நொடியின் ஐந்திலொரு பங்களவு காலம் கழிகின்றது. கண் கண்டதை நரம்பு மூளைக்குக் கொண்டு சென்று, மூளை அதனை ஆய்ந்து, மீண்டும் நரம்பின் வழியே தசைக்கு ஆணை அனுப்புதற்கு ஆகும் காலம் இது. இது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவரிடத்திலேயே களைப்பினாலும் கவனக்குறைவினாலும் மாறும்.

இவ்வுண்மையை உலகம் அறிவதற்கு முன்னர் அதனால் இன்னலுற்றார் ஒருவர். இங்கிலாந்து நாட்டுக் கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் நெவில் மாஸ்கலின் என்பவர் தலைமை வானியலாராக விளங்கினார். அவரிடத்தில் டேவிட் கின்னிபுரூக் என்னும் இளைஞர் உதவியாளராகப் பணியாற்றினார். தொலைநோக்கியினுள் கட்டிய மெல்லிய கம்பியை ஒரு விண்மீன் கடக்கும் கணத்தை, கடிகாரத்தின் ஒலியைக் கேட்டுக்கொண்டே குறித்தல் அவர் பணி. அவர் குறித்த காலம், மாஸ்கலின் குறித்த காலத்தினின்றும் நொடியின் பத்தில் எட்டுப் பங்கு வேறுபட்டது. அவர் தவறான முறையில் காலம் குறிக்கின்றார் எனக் கருதிய மாஸ்கலின், 1796-ஆம் ஆண்டில் அவரைப் பணியினின்றும் விலக்கிவிட்டார். பின்னர்ச் செருமானிய வானியலறிஞர் பெஸ்ஸல் என்பார் இச்செய்தியைப் படித்து வியந்து, தேர்ந்த வானியலார் பலர் குறித்த காலங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களுள்ளும் ஒருவருக்கொருவர் வேறுபாடு இருத்தல் தெரிந்தது. கின்னிபுரூக் இழைத்த குற்றம் ஒன்றுமில்லை. இருவர் புலன்களும் ஒரே விரைவில் இயங்கவில்லை என்பதே உண்மை.

கண்ணையும் காதையும் மட்டும் நம்பி ‘முந்தியவர் எவர்?’ எனத் தீர்ப்பளித்தல் தகாது என்பது இதனால் விளங்கும். ஆகவேதான் வினாடி வினாப் போட்டிகளில் மின்மணியும் விளக்கும் இடம்பெற்றன. அமெரிக்க நாட்டில் 1953-இல் வானொலியில் தொடங்கிய கல்லூரிப் போட்டியும், அதனைப் பின்பற்றிப் பிரிட்டனில் 1962-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய பல்கலைக்கழகப் போட்டியும் மணியொலித்து விடைகூறும் முறையைப் பரப்பின. இந்தியாவில் 1967-இல் கல்கத்தா நகரில் நீல் ஓபிரையன் என்பவர் நடத்திய போட்டி, இந்நாட்டு வினாடி வினா வரலாற்றில் தொடக்கமாகப் போற்றப்படுகின்றது. 1985-இல் தூர்தர்ஷன் தொலைக்காட்சியில் சித்தார்த்த பாசு நடத்திய நிகழ்ச்சி இக்கலையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இத்தகைய கருவியைப் பெருஞ்செலவு செய்து வாங்கவேண்டுவதில்லை. இயற்பியல் நூலில் மின்காந்தம் பற்றிய பாடத்தைக் கற்ற மாணவர்கள் தாமே கூடி அதனைச் செய்துகொள்ளலாம்.

முதலில் மிக எளிய அமைப்பைக் காண்போர்க்கு மற்றவை எளிதில் விளங்கும். பேட்டரி ஒன்று, அழுத்துபொத்தான் ஒன்று, சிறு பல்பு ஒன்று ஆகிய மூன்றையும் கம்பியால் வளையமாக இணைத்தால் அஃது ஒரு மின்சுற்று ஆகும். வாய்க்காலின் மடையைத் திறந்தாலன்றி நீர் பாயாதவாறுபோல, பொத்தானை அழுத்தினாலன்றி மின்னோட்டம் பாயாது. ஒவ்வோர் அணிக்கும் இவ்வாறு ஒரு பொத்தானும் ஒரு பல்பும் அளித்துவிட்டால், பொத்தானை அழுத்திய அணியின் விளக்கு எரியும். ஆயின், இவ்வமைப்பில் இரண்டு குறைகள் உள்ளன. இரண்டாவது அணி சிறிது பின்னர் அழுத்தினும் அதன் விளக்கும் எரியும். இரண்டும் எரிகையில் முந்தியது எது எனக் கூற இயலாது. மேலும், விரலை எடுத்தவுடன் விளக்கு அணைந்துவிடும். பழைய வழக்கு அப்படியே மீளும்.

ஆகவே, நல்ல கருவிக்கு நான்கு பண்புகள் வேண்டும். முந்தி அழுத்திய அணியின் விளக்கு எரிதல் வேண்டும். விரலை எடுத்த பின்னும் அஃது அணையாது நிற்றல் வேண்டும். அது நிற்குங்கால் மற்ற அணியின் பொத்தான் பயனற்றுப் போதல் வேண்டும். வினாத் தொடுப்பவர் விடுவித்தவுடன் அனைத்தும் பழைய நிலைக்கு மீளுதல் வேண்டும். இந்நான்கு பணிகளையும் ஒருங்கே செய்வது ‘ரிலே’ எனப்படும் சிறு கருவியாகும்.

கம்பியில் மின்னோட்டம் பாயும்போது அருகிலுள்ள காந்த ஊசி திரும்புவதை 1820-இல் டென்மார்க்கு நாட்டு எர்ஸ்டெட் கண்டறிந்தார். இரும்பின்மீது கம்பியைச் சுற்றி மின்னோட்டத்தைச் செலுத்தினால் அவ்விரும்பு காந்தமாகும் என்பதை 1825-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் செய்து காட்டினார். அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி 1835-ஆம் ஆண்டளவில் இத்தகைய மின்காந்தத்தைக் கொண்டு மற்றொரு மின்சுற்றைத் திறக்கவும் மூடவும் செய்தார். இதுவே ரிலே. தொலைதூரம் சென்று மெலிந்த தந்திக் குறிப்பைப் புதிய மின்கலத்தின் வலிமையோடு மேலே அனுப்புதற்கு இது பயன்பட்டது. களைத்த குதிரையை நிறுத்திவிட்டு, வழியில் காத்துநிற்கும் புதிய குதிரையில் ஏறிச் செல்லும் அஞ்சல் முறையே இப்பெயர்க்கு அடிப்படை. அஞ்சலோட்டத்தில் ஒருவன் கைக்கோலை அடுத்தவன் வாங்கி ஓடுவதும் இப்பெயராலேயே ஆங்கிலத்தில் வழங்குகின்றது.

ரிலேயின் உள்ளே ஒரு கம்பிச் சுருளும், அதன் அருகே ஓர் இரும்புத் தகடும், அத்தகட்டோடு அசையும் தொடுமுனைகளும் உள்ளன. ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று முனைகள் இருக்கும். அவற்றுள் அசைவதை நடுமுனை எனலாம். சுருளில் மின்னோட்டம் இல்லாதபோது நடுமுனை தொட்டுக்கொண்டிருப்பது ஓய்வுமுனை. சுருள் காந்தமாகித் தகட்டை இழுத்தபோது நடுமுனை ஓய்வுமுனையை விட்டுவிட்டுச் சென்று தொடுவது இயக்கமுனை. இத்தகைய தொகுதிகள் இரண்டு கொண்ட ரிலேயே இரண்டு அணிகளின் போட்டிக்கு வேண்டுவது.

வேண்டிய பொருள்கள் இவை: 12 வோல்ட்டு ரிலே 2, அழுத்தினால் மின்வழியை இணைக்கும் பொத்தான் 2, அழுத்தினால் மின்வழியைத் துண்டிக்கும் பொத்தான் 1, 12 வோல்ட்டுப் பஸ்ஸர் 1, எல்.இ.டி. விளக்கு 2, 1000 ஓம் மின்தடை 2, டயோடு 2, 1.5 வோல்ட்டு மின்கலங்கள் 8, வேண்டிய அளவு கம்பி, மரப்பலகை ஒன்று. மின்கலங்கள் எட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் வைத்தால் 8 × 1.5 = 12 வோல்ட்டு கிடைக்கும்.

இரண்டு அணிகளையும் கிழக்கணி, மேற்கணி எனக் கொள்க. பேட்டரியின் நேர்முனையிலிருந்து வரும் கம்பி முதலில் துண்டிக்கும் பொத்தானுக்குச் செல்லும். இப்பொத்தான் வினாத் தொடுப்பவர் கையில் இருப்பது. அதனைக் கடந்து வெளிவரும் கம்பியே இரு அணிக்கும் பொதுவான நேர்க்கம்பி. அக்கம்பியை மேற்கணி ரிலேயின் இரண்டாம் தொகுதி நடுமுனையில் இணைக்கவேண்டும். அத்தொகுதியின் ஓய்வுமுனையிலிருந்து புறப்படும் கம்பி கிழக்கணியின் பொத்தானுக்குச் சென்று, அதனைக் கடந்து, கிழக்கணி ரிலேயின் சுருளை அடைந்து, சுருளின் மறுமுனையிலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும். கிழக்கணியின் ரிலேயிலுள்ள முதல் தொகுதியின் நடுமுனையைக் கிழக்கணிப் பொத்தானின் ஒரு பக்கத்திலும், இயக்கமுனையை மறுபக்கத்திலும் இணைக்கவேண்டும்.

மேற்கணிக்கும் இவ்வாறே செய்க. மேற்கணிப் பொத்தானுக்குச் செல்லும் மின்வழி, கிழக்கணி ரிலேயின் இரண்டாம் தொகுதி வழியாகவே செல்லவேண்டும் என்பதை மறத்தலாகாது. இரு ரிலேக்களின் இரண்டாம் தொகுதி இயக்கமுனைகளையும் ஒன்றாக இணைத்துப் பஸ்ஸரின் நேர்முனைக்கும், பஸ்ஸரின் மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனைக்கும் கொண்டுசெல்லவேண்டும். ஒவ்வொரு சுருளுக்கும் பக்க இணைப்பாக, 1000 ஓம் மின்தடையோடு சேர்ந்த எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பொருத்தவேண்டும்.

இனி, இக்கருவி இயங்கும் முறையைக் காண்போம். கிழக்கணி மாணவன் பொத்தானை அழுத்துகின்றான். மேற்கணியின் ரிலே ஓய்ந்திருத்தலால் வழி திறந்தே இருக்கின்றது. கிழக்கணிச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்து, அதன் விளக்கு எரிகின்றது, தகடு இழுக்கப்படுகின்றது. அவ்வளவில் இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. முதல் தொகுதி மூடிக்கொண்டு, பொத்தானுக்குப் பக்கத்தில் மற்றொரு வழியை அமைக்கின்றது. ஆகவே, மாணவன் விரலை எடுத்தாலும் மின்னோட்டம் நிற்பதில்லை. இரண்டாம் தொகுதியோ, மேற்கணிக்குச் சென்ற வழியைத் துண்டித்து, அம்மின்னோட்டத்தைப் பஸ்ஸருக்குத் திருப்பிவிடுகின்றது. மணி ஒலிக்கின்றது. இனி மேற்கணியார் எத்துணை முறை அழுத்தினும் அவர் விளக்கு எரியாது. வினாத் தொடுப்பவர் தம் பொத்தானை அழுத்தியதும் மின்வழி முழுவதும் அறுபட்டு, ரிலே ஓய்வுநிலையை அடைகின்றது. விடை கூறும்போது மணி ஓயாது ஒலித்தல் இடையூறாயின், பஸ்ஸரின் வழியில் தனிச் சுவிட்சு ஒன்று அமைத்துக்கொள்ளலாம்.

கணக்கும் அறிந்து செய்தல் நன்று. சுருளின் தடை 160 ஓம் எனின், ஓம் விதிப்படி 12 ÷ 160 = 0.075 ஆம்பியர் மின்னோட்டம் அதில் பாயும். சிவப்பு எல்.இ.டி. விளக்கில் ஏறத்தாழ 2 வோல்ட்டுச் செலவாகும்; எஞ்சிய 10 வோல்ட்டு 1000 ஓம் தடையில் விழுவதால் 0.010 ஆம்பியர் பாயும். அத்தடை இன்றி விளக்கை நேரே பேட்டரியில் இணைத்தால் விளக்கு உடனே பழுதாகிவிடும். டயோடு எதற்கெனின், சுருளில் பாயும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தும்போது அதில் எதிர்த்திசையில் உயர் மின்னழுத்தம் ஒருகணம் தோன்றும். அஃது எல்.இ.டி. விளக்கையும் தொடுமுனைகளையும் கெடுக்கவல்லது. டயோடின் கோடிட்ட முனை நேர்ப்பக்கம் நோக்குமாறு சுருளின் குறுக்கே இணைத்தால் அம்மின்னழுத்தம் அடங்கிவிடும்.

அணிகள் நான்காயின், நான்கு தொகுதிகள் கொண்ட ரிலே நான்கு வேண்டும். ஒவ்வொரு ரிலேயிலும் ஒரு தொகுதி தன் அணியின் பொத்தானுக்குத் துணைநிற்கும். மற்ற மூன்றும் ஏனைய மூன்று அணிகளின் வழிகளிலும் ஒவ்வொன்றாகக் காவல்நிற்கும். இம்மூன்று காவலும் கடந்தாலன்றி எவ்வணியின் மின்னோட்டமும் சுருளை அடையாது. ஒவ்வொரு வழியின் தொடக்கத்திலும் வெவ்வேறு ரிலேயின் தொகுதி நிற்குமாறு அமைத்து, அத்தொகுதிகளின் இயக்கமுனைகளைப் பஸ்ஸருக்கு இணைத்தால், எவ்வணி முந்தினும் மணி ஒலிக்கும்.

கருவியைச் செய்து முடித்தவுடன் போட்டிக்குக் கொண்டுசெல்லுதல் கூடாது. அது நடுநிலை வாய்ந்ததா எனச் சோதித்தல் வேண்டும். தன் அணியின் கம்பி நீளமாயிருத்தலால் தான் பிந்தியதாக ஒருவன் குறைகூறக்கூடும். அஃது உண்மையன்று. 10 மீட்டர்க் கம்பியை மின்குறிப்பு கடத்தற்கு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கும் ஆவதில்லை. ஆயின், ஒரு பொத்தான் மெல்லத் தொட்டவுடன் இணைவதாகவும், மற்றொன்று ஆழ அழுத்தவேண்டுவதாகவும் இருப்பின், அங்கே உண்மையாகவே ஓரம்சாய்தல் நேரும். ஆகவே, பொத்தான்களும் ரிலேக்களும் ஒரே வகையினவாய் இருத்தல் வேண்டும். இரண்டு பொத்தான்களையும் அருகருகே வைத்து, ஒரே பலகையால் பலமுறை ஒருசேர அழுத்திப் பார்க்கவேண்டும். ஓரணியே மீண்டும் மீண்டும் வெல்லுமாயின், பொத்தான்களை இடம்மாற்றிச் சோதிக்கவேண்டும். வெற்றியும் இடம்மாறினால் குறை பொத்தானில் உள்ளது. மாறாவிடின் ரிலேயில் உள்ளது. குறையுடையதை நீக்கி வேறு பொருத்துவதே முறை.

இக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. ரிலேயின் தகடு அசைந்து தொடுதற்கு நொடியின் நூற்றிலொரு பங்களவு காலம் ஆகின்றது. இரண்டு பொத்தான்களும் அதற்குட்பட்ட இடைவெளியில் அழுத்தப்பட்டால் இரு தகடுகளும் ஒருங்கே எழுந்து, ஒன்றன் வழியை மற்றொன்று துண்டித்து, இரண்டும் நடுங்கி ஒலிக்கக்கூடும். முடிவில் ஒன்று நிலைத்து நின்றாலும், அதனைத் தீர்ப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. அத்தகைய சமநிலையில் அவ்வினாவை விலக்கி வேறு வினாக் கேட்பதே நீதி. இவ்விதியைப் போட்டி தொடங்குமுன்னரே அனைவர்க்கும் அறிவித்தல் வேண்டும். இக்காலத்து நுண்கட்டுப்படுத்திச் சில்லு, பொத்தான்களின் நிலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை பார்க்கவல்லது. ஆதலின் அதன் எல்லை மிகமிகச் சிறியது. ஆயினும், முந்தியதைப் பற்றிக்கொண்டு மற்றவற்றைத் தடுத்தல் என்னும் கருத்து இரண்டிற்கும் ஒன்றே. ரிலேயில் அக்கருத்தைக் கண்ணாற் காணலாம், காதாலும் கேட்கலாம்.

மாணவர்கள் கட்டாயமாகக் காக்கவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட்டு மின்சாரத்தை இத்தகைய செயலுக்கு எக்காரணத்தாலும் பயன்படுத்தல் ஆகாது. அஃது உயிரைப் போக்கவல்லது. பேட்டரியின் 12 வோல்ட்டே இதற்குப் போதுமானது. ஆயினும் நேர்முனையையும் எதிர்முனையையும் கம்பியால் நேரே இணைத்தால் கம்பி சூடேறிக் கையைச் சுடும், மின்கலமும் கெடும். இணைப்புகளைச் சரிபார்த்த பின்னரே பேட்டரியைப் பொருத்தவேண்டும். ஆசிரியர் ஒருவர் உடனிருக்கச் செய்தல் நலம்.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைத் தமிழ்நாட்டுச் சிறுவர் அனைவரும் அறிவர். அதன் கயிற்றை இழுத்தது வாயில்லாப் பசுவேயாயினும் மணி ஒலித்தது. ஆயின், மணி செய்தது அவ்வளவே. கன்றை இழந்த பசுவின் துயரை ஆராய்ந்து நீதி வழங்கியவன் மன்னன். வினாடி வினா மணியும் அத்தன்மையது. முந்தியவர் எவர் என்பதை மட்டுமே அது கூறும். விடை சரியா தவறா என்பதையும், வினா ஐயத்திற்கு இடமின்றி அமைந்ததா என்பதையும் மனிதரே ஆராயவேண்டும். பொத்தான்களை ஒத்தனவாகத் தேர்ந்தெடுத்தவரும், பலகையால் பலமுறை சோதித்தவரும், சமநிலைக்குரிய விதியை முன்னரே கூறியவரும் நேர்மையோடு நடந்துகொண்டால், தோற்ற அணியும் மனக்குறையின்றி எழுந்து வென்ற அணியின் கையைப் பற்றும். ஓரத்தில் அமர்ந்த கூச்சமுள்ள மாணவனின் விளக்கும் தன் முறை வரும்போது அனைவரும் காண எரியும்.